மாத்தளையிலிருந்து மயிலாப்பூருக்கு

இலங்கையில் மாத்தளை, கண்டிப் பக்கத்து வீடுகளின் வாசலைத் தாண்டினாலே பலா, பாக்கு, தென்னை. அவற்றின் நிழலில் காப்பி. ஓரமாக ஒரு ஜாதிக்காய் மரமோ கிராம்பு மரமோ. நடுவில், அங்குள்ள தமிழர்கள் சீமைக்கிளுவை என்று சொல்லும் கிளைரிசிடியா மரங்கள். மரமே தெரியாத அளவுக்கு அதன்மேல் மிளகுக் கொடி ஏறியிருக்கும். பெரும்பாலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள். மிளகு மட்டுமே அவர்கள் பிழைப்பு அல்ல. ஆனால் பிள்ளையின் படிப்பு, கூரைக்கு ஓடு, கல்யாணக் கடன் என்று ரொக்கம் தேவைப்படும்போது கைகொடுப்பது மிளகுதான்.

மழை பிடித்ததும் கொடி பூக்கும். விரல் நீளத்துக்குத் தொங்கும் சரத்தில் மணிமணியாகக் காய் பிடித்து முற்ற ஆறேழு மாதம் ஆகிறது. சரத்தில் ஒன்றிரண்டு காய் மஞ்சளுக்கோ சிவப்புக்கோ திரும்பும்போது பறிப்பதுதான் பதம். பறித்த சரத்தை உதிர்த்து, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கியெடுத்து, பாயில் பரப்பிக் காயவைத்தால் நல்ல வெயிலில் நாலைந்து நாளில் கறுத்துச் சுருங்கிவிடும். மூன்று கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஒரு கிலோ மிளகு. மற்ற இரண்டு கிலோவும் தண்ணீர்.

ஆனால் பதம் வரும்வரை காத்திருக்க எல்லோராலும் முடிவதில்லை. விலை ஏறும் காலத்தில் கொடியிலிருந்தே திருட்டுப் போகும். திருடன் பறிப்பதற்கு முன் நாமே பறித்துவிடுவோம் என்று முற்றாத காயையே பறித்துவிடுகிறார்கள். அது காய்ந்தால் உள்ளீடு இல்லாமல் லேசாக இருக்கும். அந்த லேசான மிளகுக்கும் ஆள் உண்டு. அந்த ஆள் இருப்பது இந்தியாவில். கேரளத்தில் கொச்சியைச் சுற்றி மிளகிலிருந்து காரத்தையும் மணத்தையும் பிழிந்தெடுத்து ஓலியோரெசின் என்ற கெட்டிச் சாறாக உலகத்துக்கு அனுப்பும் ஆலைகள் இருக்கின்றன. இலங்கை மிளகில் காரத்துக்குக் காரணமான பைப்பரின் அதிகம். அதனால் அந்த ஆலைகள் அதைத் தேடி வாங்குகின்றன. இலங்கை ஏற்றுமதி செய்யும் மிளகில் பெரும்பங்கை வாங்குவது இந்தியாதான். மாத்தளைச் சிறுவிவசாயிக்குக் கிடைக்கும் விலையை, அவர் பார்த்தேயிராத டெல்லி அலுவலகம் ஒன்று ஒரு அறிவிக்கையில் மாற்றிவிட முடிவது இதனால்தான்.

காய்ந்த மிளகை ஊருக்குள் வரும் கொள்முதல்காரர் வாங்கி மாத்தளை நகரத்துக்குக் கொண்டுபோவார். அந்த நகரத்தின் நெடுஞ்சாலையில் முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் நிற்கிறது. 19-ம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து காப்பித் தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நாள்கணக்கில் நடந்து மாத்தளைக்கு வந்து, அங்கிருந்துதான் மலைத் தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1869-ல் இலைத்துரு நோய் வந்து காப்பி அழிந்தது, தேயிலை வந்தது, அவர்களுடைய வாரிசுகள் மலையகத்திலேயே தங்கினார்கள். நம் ஆட்கள் நடந்துபோன அதே பாதையின் முனையிலிருந்து இன்று மிளகு மூட்டை நம் பக்கம் கிளம்புகிறது.

மூட்டை கொழும்புக்குப் போனதும் அதற்கு ஒரு காகிதம் தேவைப்படுகிறது. இந்தச் சரக்கு இலங்கையில் விளைந்தது என்று இலங்கை வணிகத் திணைக்களம் தரும் பிறப்பிடச் சான்றிதழ். அந்தக் காகிதத்தின் கதை தெரியாமல் மிளகின் கதை புரியாது.

1998 டிசம்பர் 28 அன்று டெல்லியில் பிரதமர் வாஜ்பாயும் இலங்கை ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவும் இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2000 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தெற்காசியாவில் இரண்டு நாடுகள் சரக்குக்குத் தீர்வையைக் குறைத்துக்கொள்ளச் செய்த முக்கியமான முதல் ஏற்பாடுகளில் ஒன்று. சலுகை கிடையாது என்று ஒதுக்கிவைத்த பொருள்களின் பட்டியலில் இந்தியா 429 இனங்களை வைத்தது, இலங்கை 1,180. சின்ன நாடு பெரிய நாட்டைப் பார்த்துப் பயந்ததில் நியாயம் உண்டு. இலங்கை தன் வேளாண் பொருள்களில் பெரும்பாலானவற்றை அந்தப் பட்டியலுக்குள் வைத்துப் பூட்டியது.

அந்தப் பயத்தின் வேர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1970-களின் முற்பாதியில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் மிளகாய், வெங்காய இறக்குமதியைத் தடுத்தது. யாழ்ப்பாணத்தின் செம்மண் நிலத்தில் கிணற்றுத் தண்ணீரை இறைத்துச் சின்ன வெங்காயமும் மிளகாயும் விளைவித்த விவசாயிகளுக்கு அது பொற்காலமாக இருந்தது. கல்வீடு கட்டினார்கள், டிராக்டர் வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். 1977-ல் ஜே. ஆர். ஜெயவர்த்தன அரசு சந்தையைத் திறந்துவிட்டது. வெளியிலிருந்து மலிவான வெங்காயமும் மிளகாயும் கப்பலேறி வந்தன. வடக்கின் விவசாயி படுத்துவிட்டான். அந்த நிலத்தில் அடுத்து நடந்தவற்றுக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால் வேளாண்மையில் கண்ட வருமானம் ஓரிரு ஆண்டில் கரைந்துபோன இளைஞர்களின் கோபத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. இன்றைக்கும் இலங்கையில் வெங்காய அறுவடைக் காலம் வந்தால் இறக்குமதி வெங்காயத்தின்மேல் சிறப்புப் பண்ட வரியை ஏற்றுகிறார்கள். அறுவடை முடிந்தால் இறக்குகிறார்கள். அதற்கென்றே 2007-ல் இயற்றிய ஒரு சட்டம் இருக்கிறது. திண்டுக்கல், திருப்பூர்ச் சின்ன வெங்காய வியாபாரிக்கு அந்த வரியின் ஏற்ற இறக்கம் உடனே சுடும்.

மிளகில் நிலைமை தலைகீழ். இங்கே பயப்பட வேண்டியவன் இந்திய விவசாயி. ஒப்பந்தம் இல்லாவிட்டால் இந்தியாவுக்குள் வரும் மிளகுக்குத் தீர்வை 70 விழுக்காடு. ஒப்பந்தத்தின் வழியே இலங்கை மிளகு தீர்வையில்லாமல் வரத் தொடங்கியது. மிளகு விளையும் கொடகும் வயநாடும் இடுக்கியும் கூச்சல் போட்ட பிறகு, ஆண்டுக்கு 2,500 டன் வரைதான் தீர்வை கிடையாது என்று உச்சவரம்பு வந்தது. அதற்கு மேல் வருவதற்கும் வழி இருந்தது. 2006-ல் நடைமுறைக்கு வந்த தெற்காசியத் தடையற்ற வணிகப் பகுதி ஒப்பந்தத்தின் கீழ், அதாவது சாஃப்டாவின் கீழ், 8 விழுக்காடு தீர்வை கட்டினால் போதும்.

இங்கே வியட்நாம் வருகிறது. 1986-க்குப் பிறகு பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட வியட்நாம், தன் மத்திய மேட்டுநிலத்தில் காப்பியோடு மிளகையும் பயிரிட்டது. 2000-களின் தொடக்கத்திலேயே உலகத்தின் முதல் மிளகு ஏற்றுமதி நாடாகிவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளாக மிளகு என்றால் மலபார் என்றிருந்த உலகம் இருபதே ஆண்டில் மாறியது. இன்று ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் அங்கே விளைகிறது. வியட்நாம் உள்ளிட்ட ஆசியான் நாடுகளோடு இந்தியா 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் தனி ஒப்பந்தம் போட்டது. அதை எதிர்த்து அந்த ஆண்டு அக்டோபர் 2-ல் கேரளத்தில் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நின்றது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் மிளகுக்குத் தனிக் காப்பு இருந்தது. பாமாயில், காப்பி, தேயிலையோடு சேர்த்து அதைச் சிறப்புப் பொருளாக வைத்து, 70 விழுக்காட்டுத் தீர்வையைப் பத்தாண்டில் மெதுவாக 50-க்கு மட்டும் இறக்கினார்கள்.

ஆக ஒரே மிளகுக்கு மூன்று வாசல்கள் உருவாயின. வியட்நாமிலிருந்து நேரே வந்தால் 50 விழுக்காட்டுக்குக் குறையாத தீர்வை. இலங்கையிலிருந்து சாஃப்டா வழியே வந்தால் 8 விழுக்காடு. இலங்கையிலிருந்து 2,500 டன்னுக்குள் வந்தால் ஒன்றுமில்லை. துறைமுகத்தில் கிலோ 300 ரூபாய்க்கு இறங்கும் மிளகு என்று வைத்துக்கொள்வோம். நேரே வந்தால் தீர்வை 150 ரூபாய். கொழும்புச் சான்றிதழோடு வந்தால் 24 ரூபாய். கிலோவுக்கு 126 ரூபாய் வித்தியாசம். இருபது அடிக் கண்டெய்னர் ஒன்றில் 13 டன் ஏற்றினால் 16 லட்சத்துக்கு மேல். ஒரு காகிதத்தின் விலை அது.

அந்தக் காகிதத்தை வாங்கக் கொழும்பில் ஆள் இருந்தார்கள், விற்க இருந்தார்கள், இங்கே பணம் போட ஆள் இருந்தார்கள். மறு ஏற்றுமதிக்கு என்று சொல்லி வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கியது. சாக்கு மாறியது, சில சமயம் உள்ளூர் மிளகோடு கலந்தது. இலங்கையில் விளைந்தது என்ற சான்றிதழோடு தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் கொச்சிக்கும் வந்தது. கொடகு, வயநாடு விவசாய அமைப்புகள் பல ஆண்டுகள் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தன.

இந்த வழி புதிதும் அல்ல. ஒப்பந்தம் வந்த சில ஆண்டுகளிலேயே வனஸ்பதியில் இது நடந்திருக்கிறது. மலேசியப் பாமாயிலுக்கு இந்தியாவில் தீர்வை அதிகம், இலங்கையில் குறைவு. இந்தியத் தொழிலதிபர்களே இலங்கையில் ஆலை போட்டு, பாமாயிலை அங்கே இறுக்கி வனஸ்பதியாக்கி, தீர்வையில்லாமல் இங்கே அனுப்பினார்கள். இங்குள்ள வனஸ்பதி ஆலைகள் திணறின. இந்தியா ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று வரம்பு விதித்ததும் அங்கிருந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை இழந்தவர்கள் இலங்கைத் தொழிலாளிகள். வனஸ்பதியாவது ஆலையில் உருமாறியது. அதை ஒரு தொழில் என்று வாதிடவாவது இடம் இருந்தது. மிளகில் அதுவும் இல்லை. சாக்கு மட்டும்தான் மாறியது.

2015, 2016 வாக்கில் கொச்சிச் சந்தையில் கிலோ 650, 700 ரூபாய்க்குப் போன மிளகு 2017-ல் சரியத் தொடங்கியது. உலகம் முழுக்கவே அப்போது மிளகு தேங்கிக் கிடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கள்ளச் சான்றிதழ் மட்டுமே காரணம் என்றால் அது முழு உண்மை அல்ல. ஆனால் சரிகிற விலையைப் பிடித்து இன்னும் கீழே இழுத்தது அது. 2017 டிசம்பர் 6 அன்று இந்திய அரசு, கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மதிப்பில் மிளகு இறக்குமதி ஆகக்கூடாது என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை அறிவித்தது. 2018 மார்ச்சில் அதைத் தடையாகவே இறுக்கியது. நம் விவசாயிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் விலை ஏறவில்லை. 2020 தொடக்கத்தில் 300 சொச்சத்துக்கு வந்துவிட்டது. கிலோ 300 பெறும் சரக்குக்கு 500 என்று பில் எழுதி உள்ளே கொண்டுவந்துவிட்டு, மிச்சப் பணத்தை வேறு வழியில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள் என்று விவசாய அமைப்புகள் குற்றஞ்சாட்டின.

இதே அறிவிக்கை மாத்தளையில் என்ன செய்தது? உண்மையிலேயே சீமைக்கிளுவை மரத்தில் ஏறிப் பறித்தவரின் மிளகையும் அது தடுத்தது. உலக விலை 500-க்குக் கீழே இருக்கும்போது நேர்மையாக விலை எழுதுகிற ஏற்றுமதியாளர் இந்தியாவுக்கு அனுப்ப முடியாது. பொய் பில் எழுதுகிறவரால் முடியும். இலங்கை அரசு இந்தியாவிடம் விலக்குக் கேட்டது. உள்ளூர் மிளகு விவசாயிகள் தங்கள் அரசைப் பார்த்துக் கேட்டதோ வேறு கேள்வி: வெளிநாட்டு மிளகைக் கொண்டுவந்து எங்கள் பெயரில் ஏன் விற்க விடுகிறீர்கள்? 2019 இறுதியில் இலங்கை, மிளகு, பாக்கு, புளி போன்றவற்றை மறு ஏற்றுமதிக்காக இறக்குமதி செய்வதைத் தடைசெய்தது. இந்தியா 2020-ல் சுங்கச் சட்டத்தைத் திருத்தியது. அந்த ஆண்டு செப்டம்பர் 21 முதல், சலுகைத் தீர்வை கேட்கும் இறக்குமதியாளர் சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. சரக்கு உண்மையில் எங்கே, எப்படி உண்டானது என்ற விவரமும் அவர் கையில் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. வியட்நாம் விவசாயியும் இதில் தப்பவில்லை. விலை உச்சத்தில் இருந்தபோது கடன் வாங்கிக் கொடி நட்ட ஜியா லாய் மாகாணத்துக் குடும்பங்கள், கொடி நோயில் பட்டுப்போய், விலையும் விழுந்து, கடனில் மூழ்கின.

இந்தக் கதையை இந்திய விவசாயிக்கும் இலங்கை விவசாயிக்குமான சண்டையாகத்தான் இங்கே பத்திரிகைகளில் பெரும்பாலும் படிக்கிறோம். எனக்கு அது தவறாகப் படுகிறது. நம் கொல்லிமலை மிளகு விவசாயியையும் மாத்தளைக்காரரையும் ஒரே காகிதம்தான் அடித்தது. பக்கத்து நாட்டுச் சிறுவிவசாயிக்கு நம் சந்தையில் இடம் கொடுப்பது நல்ல காரியம். அந்த இடத்தில் மூன்றாவது ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டதைப் பார்த்துக் கதவையே சாத்தினோம். உள்ளே வர வேண்டியவர் வெளியே நின்றார். பொய்க் காகிதம் என்ற சாவி வைத்திருந்தவர் உள்ளேதான் இருந்தார்.

கொல்லிமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மயிலாப்பூருக்கு வரும் மிளகில் அந்த மலையின் பங்கும் உண்டு. நாமக்கல் மாவட்டத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் சில்வர் ஓக் மரங்கள் வானத்துக்கு நிற்கும். அடியில் காப்பி, தண்டில் மிளகு. தமிழ்நாட்டில் ஏற்காடு, தாண்டிக்குடி, கூடலூர், வால்பாறை, குமரி மலைச்சரிவுகள் என்று மிளகு விளையும் இடங்கள் பலவானாலும், கர்நாடகம், கேரளத்தோடு பார்த்தால் நம் அளவு சின்னதுதான். சின்னது என்பதால் விலையை நிர்ணயிக்கும் பலமும் கிடையாது. தையிலும் மாசியிலும் பறிப்பு நடக்கும். ஒற்றை மூங்கிலில் கணு விட்டுச் செதுக்கிய ஏணியை மரத்தில் சாய்த்து, இடுப்பில் பை கட்டிக்கொண்டு முப்பது நாற்பது அடி ஏறுகிறார்கள். கால் தவறினால் இடுப்பு போகும். அந்த மலையில் மிளகு வைத்திருப்பவர்களில் மிகப்பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிகள். பறிப்புக்கு முன்னமே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால், விலை ஏறினால் லாபம் அவருக்கு. இறங்கினால் நட்டம் இவர் தலையில். கொச்சி விலை என்னவென்று செல்போனில் பார்த்துவிட்டுத்தான் பேரம் தொடங்குகிறது. கொச்சி விலைக்குள் வியட்நாமும் கொழும்பும் டெல்லி அறிவிக்கையும் அடங்கியிருக்கின்றன.

கொழும்பில் கப்பலேறிய மூட்டைக்குத் திரும்புவோம். கடல்வழி குறுகியது, சென்னைக்கு வந்து சேர இரண்டு மூன்று நாள். அதைவிட நீண்டது கரையில் நடக்கும் பயணம். பூச்சிக்குப் புகை போட்டதற்கான சான்று, தாவர நலச் சான்று, உணவுப் பாதுகாப்புத் துறைக்கு மாதிரி, ராஜாஜி சாலைச் சுங்க மாளிகையின் கணக்கு, வடசென்னையின் கண்டெய்னர் கிடங்கு. எல்லாம் முடிந்து வெளியே வந்த சரக்கு ஜார்ஜ் டவுனுக்குப் போகும். கோவிந்தப்ப நாயக்கன் தெருவும் அதைச் சுற்றியுள்ள சந்துகளும் மளிகை மொத்த வியாபாரத்துக்குப் பேர்போனவை. மிளகு அங்கே லிட்டர் எடையால் மதிக்கப்படுகிறது. ஒரு லிட்டர் பாத்திரத்தில் நிரப்பினால் 550 கிராம் நின்றால் உயர்ந்த சரக்கு. 500 என்றால் அடுத்தது. அதற்கும் கீழே போனால் லேசு. கையில் அள்ளி, தட்டிப் பார்த்து, ஒன்றை நசுக்கி மோந்து பார்க்கிறவர்களுக்கு நாட்டு மிளகு எது, வெளி மிளகு எது என்று பெரும்பாலும் தெரியும். அங்கிருந்து கிளம்பும் சாக்கில் எழுத்து எதுவும் இருப்பதில்லை. ஊர் தெரிந்த மிளகு ஊர் தெரியாத மிளகாவது அந்தத் தெருவில்தான்.

மயிலாப்பூரில் மிளகுக்கு உள்ள மரியாதை வேறு எந்தப் பேட்டையிலும் கிடையாது என்று ஒரு மயிலாப்பூர்க்காரனாகச் சொல்லத் தோன்றுகிறது. திருவல்லிக்கேணிக்காரர்கள் மன்னிக்க வேண்டும். திவசச் சமையலில் மிளகாய் சேராது. காரம் முழுக்க மிளகுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டுவந்த போர்ச்சுகீசியர்கள் 16-ம் நூற்றாண்டில் வந்து குடியேறியது இதே ஊரின் சாந்தோம் கரையில். ஆனாலும் பித்ருக்களின் இலைக்கு மிளகாய் இன்னும் போகவில்லை. ஆஞ்சநேயருக்குச் சாற்றும் வடைமாலையில் மிளகு வடை. மார்கழி விடியலில் கோயில் தொன்னைப் பொங்கலில் முழு மிளகு. பிரசவித்த பெண்ணுக்குப் பத்திய மிளகுக் குழம்பு. கச்சேரி சாலை டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளில் தீபாவளிக்கு முன் லேகிய மருந்து வாங்கக் கூட்டம் நிற்கும்; சுக்கும் மிளகும் திப்பிலியும் இல்லாமல் அந்த மருந்து கிடையாது.

இத்தனை மரியாதை கொடுக்கிற ஊரில் மிளகு எந்த மலையிலிருந்து வருகிறது என்று கேட்பவர் அரிது. மாட வீதிப் பக்கத்து மளிகைக் கடை ஒன்றில் கேட்டேன்.

“அண்ணாச்சி, இது எந்த ஊர் மிளகு?”

“நல்ல மிளகு சார். மண்டியிலேர்ந்து வருது.”

“மண்டிக்கு எங்கேர்ந்து வருதாம்?”

“கேரளான்னு சொல்வாங்க. வியட்நாமும் வருது. எல்லாம் கலந்துதான் சார் வரும். பப்பாளி விதை இருக்காது, அதுக்கு நான் கேரண்டி.”

அவர் சொன்னதில் ஒளிவு மறைவு இல்லை. அவருக்குக் கிடைக்கும் தகவல் அவ்வளவுதான். தி. நகரில் பெரிய கடைகளில் அடுக்கியிருக்கும் பாக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பாக்கெட் போட்டவரின் விலாசம், எடை, தேதி, உரிமம் எண் எல்லாம் இருக்கின்றன. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் விளைந்த இடம் இல்லை. தேயிலைக்கு நீலகிரி, அஸ்ஸாம் என்று கேட்டு வாங்குகிறோம். காப்பிக்கொட்டைக்குக் கூர்க்கா, சிக்மகளூரா என்று டிகாஷன் வட்டாரத்தில் சண்டையே நடக்கும். மிளகுக்கு மட்டும் பிறந்த ஊர் இல்லாமல் போனது.

எந்த ஊர் மிளகு என்ற கேள்விக்கும் வணிக ஒப்பந்தத்துக்கும் நேரான உறவு இருக்கிறது. கள்ளச் சான்றிதழ் செல்லுபடியாவது, சுங்கத்தைத் தாண்டிய பிறகு பிறப்பிடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால்தான். தீர்வைக்கு மட்டும் பிறப்பிடம் வேண்டும், விற்பனைக்கு வேண்டாம் என்றால், பிறப்பிடம் என்பது விலைக்கு வாங்கும் முத்திரையாகிவிடுகிறது. மலபார் மிளகுக்கு இந்தியாவில் புவிசார் குறியீடு இருக்கிறது. சிலோன் கறுவாப்பட்டை 2022-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு பெற்றது. இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் குறியீடு அது. கறுவாவுக்கு முடிந்தது மிளகுக்கு முடியாதா?

இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒப்பந்தத்தை விரிவாக்க 2016-ல் பேசத் தொடங்கி, 2018-ல் நிறுத்தி, 2023-ல் மறுபடி உட்கார்ந்தார்கள். சேவைத் தொழில், முதலீடு, தொழில்நுட்பம் என்று பேச அவர்களுக்கு நிறைய இருக்கிறது. 2024-ல் கொச்சி விலை 600-ஐத் தாண்டிவிட்டதால் 500 ரூபாய்த் தடைக்கு இப்போது வேலையில்லை; மிளகு பற்றிய கூச்சலும் அடங்கியிருக்கிறது. பேச வேண்டியது விலை நன்றாக இருக்கும் இந்த நேரத்தில்தான். விலை விழுந்த பிறகு உட்கார்ந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் வசவுதான் வரும். தீர்வையில்லாமல் வரும் 2,500 டன் மிளகை மாத்தளை, கண்டி, கேகாலை விவசாயிகளின் கூட்டுறவுகளிடமிருந்து தோட்டக் கணக்கோடு வாங்க ஏற்பாடு செய்யலாம். எத்தனை ஏக்கரில் எவ்வளவு விளையும் என்பது பேராதனையில் இருக்கும் ஏற்றுமதி வேளாண்மைத் திணைக்களத்துக்குத் தெரியும். விளைச்சலைத் தாண்டிச் சான்றிதழ் போனால் அந்த இடத்திலேயே பிடிபடும். நம் பக்கத்தில், சில்லறைக்கு வரும் மிளகின் பொட்டலத்தில் விளைந்த நாட்டையும் மாவட்டத்தையும் எழுதச் சொல்லலாம்.

அடையாற்றில் இயற்கை விளைபொருள் விற்கும் சில கடைகளில் ‘கொல்லிமலை மிளகு’ என்று எழுதிய பொட்டலம் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூடத்தான், வாங்குகிறார்கள். அதற்குப் பக்கத்தில் ‘மாத்தளை மிளகு’ என்று எழுதிய பொட்டலமும் நிற்க வேண்டும். பருமனாகத் திரண்ட கொல்லிமலை மிளகு நெய்யில் பொரிந்து பொங்கலில் முழுசாக நிற்கட்டும். பைப்பரின் கூடிய மாத்தளை மிளகை ரசப்பொடிக்கு இடித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்கு இரண்டும் வேண்டும்.